சாமி மலையேறும்வரை ஓட வேண்டிய ட்ராக்

என்னிடம் ஓர் அஞ்சலட்டை இருக்கிறது. தேதி 22-8-1993. அபிராமத்துக்குக் கிழக்கே உள்ள ஒரு கிராமத்தின் திருவிழாக் கமிட்டிச் செயலாளர், எங்கள் இன்னிசைக் குழுவின் ஓனர் பாண்டியண்ணனுக்கு எழுதியது. முகவரி நீங்கலாக ஏழு வரி. முக்கியமானவை மூன்று:

"ஆடிக் கடைசி வெள்ளியன்று தங்கள் கச்சேரியில் மேளம் பாதியில் நின்றதால் ஏற்பட்ட சங்கடம் தாங்கள் அறிந்ததே. ராக்காயி அம்மாளுக்கு நெற்றியில் மூன்று தையல் போடப்பட்டுள்ளது. அடுத்த வருடம் மேளக்காரர் இல்லாமல் வருவதானால் வர வேண்டியதில்லை."

மேளத்தை நிறுத்தியவன் நான். சரியாகச் சொன்னால், அன்று மேடையில் மேளமே இல்லை. நின்றது ஒரு கேசட். அதை என் வீட்டுப் பின்னறையில் நான்தான் தயாரித்தேன்.

இப்போது வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பீட் போடும் பிள்ளைகள் சிலர் வந்து, "கம்ப்யூட்டர் இல்லாம எப்படி சார் லேயர் போட்டீங்க?" என்று கேட்கிறார்கள். 2009 ஜூனோடு நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். என் நோட்டில் தேதி இருக்கிற இடங்களில் தேதி தருகிறேன். இல்லாத இடங்களில் ஆண்டு மட்டும்.

பின்னறை

ராமநாதபுரம் கேணிக்கரையில் வாடகை வீடு. பின்னறை பத்தடிக்கு எட்டடி. சுவரெல்லாம் சாக்கும் பழைய பாயும் அடித்திருந்தேன். ஒரு கீபோர்டு, கீழக்கரை நண்பர் ஒருவர் சவுதியிலிருந்து வரும்போது கொண்டுவந்து கொடுத்த கேசட் டெக் இரண்டு, உள்ளூர் ரேடியோ மெக்கானிக் தகரப் பெட்டிக்குள் கட்டிக் கொடுத்த ஆறு சேனல் மிக்ஸர், மைக் இரண்டு. ஸ்டுடியோ என்றால் அவ்வளவுதான்.

முறை எளிது. முதல் டெக்கில் தாளத்தைப் பதிய வேண்டும். அதை ஓடவிட்டுக் கூடவே நான் பேஸ் வாசிப்பேன். இரண்டும் கலந்து இரண்டாவது டெக்கில் பதிவாகும். பிறகு இரண்டாவது டெக்கை ஓடவிட்டு அதன்மேல் கார்ட்ஸ், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரங்கள். அது மறுபடி முதல் டெக்குக்குப் போகும். இப்படி மாற்றி மாற்றி ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து, ஆறு லேயர் சேர்ந்தால் ஒரு பாட்டுக்கான ட்ராக். இதை பவுன்ஸ் என்போம். ஒவ்வொரு பவுன்ஸிலும் டேப் இரைச்சல் கூடும். முதலில் பதிந்தது மங்கிக்கொண்டே அடியில் போய்விடும். அதனால் தாளத்தை எப்போதும் தேவைக்கு மேல் பலமாகப் பதிய வேண்டும். சேர்ந்துவிட்ட இரைச்சலை மறைக்கக் கடைசி லேயராக ஒரு ஷேக்கர் போடுவேன். பால்பவுடர் டின்னில் கல்லுப்பு. மழைக்காலத்தில் உப்பு நமத்துச் சத்தம் செத்துவிடும். என் மனைவி வாணலியில் வறுத்துக் கொடுப்பாள். பேஸ் டிரம் கிடையாது. பிளாஸ்டிக் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து ரப்பர் செருப்பால் அடித்தால் கிட்டத்தட்ட அந்தச் சத்தம் வரும். இடது கால் செருப்பு நன்றாக இருந்தது. ஏனென்று தெரியாது.

பக்கத்து வீடு மாவு மில். மில் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். டெக்கின் வேகம் குறையும். குறைந்த வேகத்தில் பதிந்ததைப் பிறகு முழு வேகத்தில் போட்டால் சுதி ஏறிப்போய் நிற்கும். அப்படி இரண்டு பாட்டு கெட்ட பிறகுதான் காரணம் பிடிபட்டது. மில்லுக்காரர் சாப்பாட்டுக்காக நிறுத்துகிற மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணி வரைதான் என் ரெக்கார்டிங் நேரம். ஃபேன் போட முடியாது, மைக்கில் விழும். சித்திரை வெயிலில் சாக்கு அடித்த அறையில் ஃபேன் இல்லாமல் இரண்டு மணி நேரம். என் பதினெட்டு வருடத்தை இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

எல்லா ட்ராக்கிலும் அடி லேயர் காதர் பாய். திருப்பாலைக்குடிக்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் 1979-இல் குழுவில் சேர்ந்தபோது அவர் அங்கே இரண்டு வருடம் முடித்திருந்தார். டோலக், தபலா எதுவானாலும் அவர்தான். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் போவதில்லை.

"படகுல ஏறுனா பத்தாவது நிமிசம் வாந்தி. வாப்பா ரெண்டு வருசம் பாத்தாக. மீனவிட நீ போடுற தீனிதான் கூட இருக்குன்னு எறக்கி விட்டுட்டாக" என்று அவரே சொல்லுவார். வேறு தொழில் தெரியாது. மூன்று பெண் பிள்ளைகள்.

நான் பாட்டை வாயால் முணுமுணுப்பேன். அதைக் கேட்டுக்கொண்டே வாசிப்பார். ஒரே சரணத்தை மூன்று தடவை பதிந்தால் மூன்று விதமாக இருக்கும். இடது பக்கத் தோலில் நல்லெண்ணெய் தொட்ட கட்டைவிரலை அழுத்தித் தேய்த்து உறுமிச் சத்தம் எடுப்பார். அறையில் கிடந்த எதையும் விடமாட்டார். தண்ணீர்ச் செம்பு, மிக்ஸரின் தகர மூடி, என் முழங்கால்.

வேனில் இடம்

ட்ராக் போடச் சொன்னது பாண்டியண்ணன். பரமக்குடியில் இருந்தார். அப்போது குழுவில் பதினொரு பேர். இரண்டு வண்டி பிடித்துப் போக வேண்டும். 1991-இல் அவரே ஒரு வேன் வாங்கினார். ஸ்பீக்கர் பெட்டிகள் போக அதில் உட்கார ஏழு இடம்.

"ஏப்பா செல்வம், பேஸ் கிட்டாரையும் டிரம்பெட்டையும் நீ வீட்ல வச்சே கேசட்ல ஏத்திரு. பாடுறவுக மட்டும் நேர்ல பாடட்டும். ஊர்க்காரனுக்கு வித்தியாசம் தெரியவா போகுது?" என்றார்.

தெரியவில்லை. டிரம்பெட்காரர் போனார், பேஸ் கிட்டார் போனார், இரண்டாவது கீபோர்டு போனார். 1992 கடைசியில் ஒரு ரெக்கார்டிங் முடிந்து டோலக்கை உறையில் போடும்போது காதர் பாய் கேட்டார்.

"செல்வம், என் எடம் போயிறாதுல்ல?"

"என்ன பாய் பேசுறீங்க. அடி லேயரே நீங்கதான்."

"அதாம்ப்பா கேக்கேன். அதான் பொட்டிக்குள்ள போயிருச்சே."

"மேடைல மேளம் இல்லாம கச்சேரியா? போகாது பாய்."

அதை நம்பித்தான் சொன்னேன். மூன்று மாதத்தில், 1993 மார்ச்சில், பாண்டியண்ணன் அவரை நிறுத்திவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

ஆடிக் கடைசி வெள்ளி, 13-8-1993

முளைப்பாரி முடிந்து சாயங்காலம் ஆறரைக்குக் கச்சேரி தொடங்கியது. மூன்றாவது உருப்படி அம்மன் பாட்டு. நான் போட்ட ட்ராக், ஐந்து நிமிடம் பன்னிரண்டு விநாடி. கடைசியில் எல்லா வாத்தியமும் சேர்ந்து ஒரே அடியில் நிற்கும்படி செய்திருந்தேன். அந்த வெட்டு எனக்கு மிகவும் பிடித்தமானது. மூன்று மதியம் அதற்காகச் செலவழித்திருந்தேன்.

இரண்டாவது சரணத்தில் முன் வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார். ராக்காயி. அருள் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல, எந்த அம்மன் பாட்டிலும் நடக்கும். அப்போது மேளக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுதான். பாட்டு முடிந்தாலும் மேளம் முடியக் கூடாது. சாமி மலையேறும்வரை, அதாவது அருள் தணிந்து ஆள் தன் நினைவுக்குத் திரும்பும்வரை, அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை நிமிடமானாலும். காதர் பாய் இருந்த பதினாறு வருடமும் இதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அவர் பாட்டுக்குச் செய்வார். அதனால் அது ஒரு வேலை என்பதே என் கண்ணில் படாமல் இருந்தது.

ஐந்து பன்னிரண்டில் ட்ராக் நின்றது. ஒரே அடி. பிறகு ஒன்றுமில்லை. ஜெனரேட்டர் சத்தம் மட்டும். அந்த அம்மாள் கையை மேலே தூக்கியபடி நின்றார். கூட்டம் முழுக்க மேடையைப் பார்த்தது.

நான் பதறிப்போய்க் கீபோர்டில் ரிதம் பட்டனை அழுத்தினேன். முந்தைய பாட்டுக்கு வைத்திருந்த வால்ட்ஸ், வெள்ளைக்காரர்களின் ஜோடி நடனத் தாளம், கிளம்பியது. ஒன் டூ த்ரீ, ஒன் டூ த்ரீ. யாரோ சிரித்தார்கள். மாற்றுவதற்குள் அந்த அம்மாள் இரண்டு சுற்று சுற்றி முன்னால் விழுந்தார். ஸ்பீக்கர் பெட்டியின் இரும்பு முனை நெற்றியில் பட்டது.

ஊரின் கொட்டுக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஓடிப்போய்க் கூட்டிவரப் பத்து நிமிடம் ஆனது.

"எங்கய்யா மேளக்காரன்? போன வருசம் வந்த பாய் எங்க?" என்று ஒருவர் மேடைக்கே ஏறி வந்தார்.

"அவருக்குக் காச்சல்" என்றார் பாண்டியண்ணன்.

"காச்சலா? நாலு நாளைக்கு முன்னாடி தொண்டி சந்தையில நான் பாத்தேனே. நல்லா குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரு."

பாண்டியண்ணன் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். வேனில் திரும்பும்போது பாடகர்களில் ஒருவர் மெதுவாக, "அண்ணே, இதுவரைக்கும் சாமிக்கு யாரும் வால்ட்ஸ் வாசிச்சதில்லண்ணே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பல வருடம் கழித்து எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு மாதம் கேட்டது

அஞ்சலட்டை வந்ததும் பாண்டியண்ணன் என் வீட்டுக்கே வந்தார். அட்டையைக் கீபோர்டின் மேல் வைத்தார்.

"காதரக் கூப்பிட்டுருவோம்ப்பா. வேன்ல ஒரு ஆளு நசுங்கி உக்காந்தா உக்காரட்டும். நம்மளால ஒரு பொம்பளைக்கு மண்டை ஒடஞ்சுச்சுன்னு பேரு வேணாம்."

இதைக் கவனமாக எழுத விரும்புகிறேன். அவர் கூப்பிடத் தயாராகத்தான் வந்திருந்தார். நான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"ஒரு மாசம் குடுங்கண்ணே. ட்ராக்குலயே சரி பண்ணிரலாம்" என்றேன்.

"சாமி எப்ப மலையேறும்னு பொட்டிக்கு எப்பிடிப்பா தெரியும்?"

"அதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன்."

உண்மையிலேயே வைத்திருந்தேன். விழுந்த அன்றைக்கே, வேனில் வரும்போதே யோசித்து நோட்டில் படம் போட்டு வைத்திருந்தேன். ஒரு டெக்கில் பாட்டும், பாட்டு முடிந்ததும் நிற்காமல் தொடரும் நீண்ட மேளமும். இன்னொரு டெக்கில் முடிவு மட்டும். எப்போது வேண்டுமோ அப்போது மிக்ஸர் குமிழைத் திருப்பி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். முடிவுப் பகுதி தாளமில்லாத ஒரு உருட்டலில் தொடங்கினால் இரண்டின் வேகமும் ஒத்துப்போகாதது காதில் விழாது.

ஏன் அப்படிச் சொன்னேன்? இரண்டு வருடமாக மேடைகளில் பாண்டியண்ணன் என்னை "எங்க மியூசிக் டைரக்டர்" என்று அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். என் ட்ராக் தோற்றது என்று ஆவதை நான் விரும்பவில்லை. வேறு காரணம் இருக்குமா என்று பல தடவை தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

ஆனால் நீண்ட மேளம் வேண்டும். அதை வாசிக்க ஒரே ஆள்தான் உண்டு.

நீ ஆடு

25-9-1993. காதர் பாய்க்குக் கார்டு போட்டிருந்தேன். டோலக்கை லுங்கியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். நன்றாகச் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ரெக்கார்டிங்குக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை.

"பாண்டியண்ணன் என்ன சொன்னாரு?"

"அடுத்த ஆடிக்கு அதே ஊருக்குப் போறோம் பாய். அருள் மேளம் வேணும்னு கேக்குறாக. அதுக்குத்தான்."

"அப்ப ஒத்திகைன்னு சொல்லு."

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒத்திகையா இல்லையா என்பதற்கு நான் பதில் சொல்லவில்லை. "ஹெட்போன மாட்டுங்க பாய், மில்லு நின்னுருச்சு" என்றேன்.

மாட்டினார். மாட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாய்?"

"யாரப் பாத்து அடிக்க?"

"சும்மா அடிங்க பாய். அரை மணி நேரம்."

"சும்மா எப்பிடிப்பா அரை மணி நேரம் அடிக்கிறது? அங்கன ஆளு ஆடும். காலப் பாத்து நான் அடிப்பேன். அது தளந்தா நான் ஏத்துவேன், அது மிஞ்சுனா நான் எறக்குவேன். இங்கன யாரு இருக்கா? செவத்துல சாக்குதான் இருக்கு. நீ ஆடு."

"நானா?"

"பின்ன, மில்லுக்காரனையா கூப்பிட?"

ஆடினேன். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, கொஞ்சம் தொப்பை. ஃபேன் இல்லாத அறையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரெக்கார்டு பட்டனை அழுத்திவிட்டு, சத்தம் வராமல் வெறுங்காலில் ஆடினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பாதத்தையே பார்த்தபடி வாசித்தார். நான் மூச்சுவாங்கித் தளர்ந்தபோது அடி நெருங்கி வந்து என்னைத் தூக்கியது. பொய்யாகத்தான் ஆடுகிறேன் என்பது பத்து நிமிடத்துக்குப் பிறகு எனக்கு அவ்வளவு நிச்சயமாக இல்லை. பன்னிரண்டாவது நிமிடத்தில் என் மனைவி மோர் கொண்டுவந்து கதவைத் திறந்து பார்த்தாள். கேசட்டில் அவள் குரல் இருக்கிறது.

"என்னங்க, உங்களுக்குமா?"

காதர் பாய் தோள் குலுங்கச் சிரித்தார். கை தப்பவில்லை.

முப்பதாவது நிமிடம் கேசட் முடிந்து பட்டன் தானாக மேலே எழும்பியது. நான் தரையில் படுத்துவிட்டேன்.

"முடிக்கணும்னு எப்பிடி பாய் தெரியும் உங்களுக்கு? கண்ணப் பாத்தா?" என்று கேட்டேன்.

"கண்ணு ஏமாத்தும். கையும் ஏமாத்தும். குதிங்காலப் பாரு. ஆடும்போது குதிங்கால் தரையில படாது, முன்பாதந்தான் ஊண்டும். ரெண்டு குதிங்காலும் சேந்து படிஞ்சிருச்சுன்னா முடிஞ்சுச்சு. அப்ப உருட்டி விட்டுறணும். ஒனக்கு அர மணி நேரமும் குதிங்கால்லதான் நின்னுச்சு, எனக்குத்தான் செரமம்."

நான் எழுந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மோரைக் குடித்துவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார்.

லேயர்

அதன்மேல் மற்ற லேயர்களைப் போட எனக்குப் பதினேழு நாள் ஆனது. இப்போது ஓரிடத்தில் தவறினால் அந்த இடத்தை மட்டும் மாற்றுகிறீர்கள். அன்று அப்படி இல்லை. இருபதாவது நிமிடத்தில் பேஸ் தவறினால் முதலிலிருந்து முப்பது நிமிடம். மேளத்தின் வேகம் ஒரே சீரில் இல்லை. என் கால் போன வழியில் அது போயிருந்தது. எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று மனப்பாடம் ஆகும்வரை கேட்டேன். மனைவி குரல் வரும் இடத்தில் செம்புச் சத்தம் ஒன்றைப் போட்டு மறைத்தேன். செருப்பு டிரம், ஓலைப்பெட்டியில் சோழி, கீபோர்டில் நாதஸ்வரம் போன்ற ஒரு குரல். கடைசியில் உப்பு டின். மழை தொடங்கிவிட்டதால் வறுத்த உப்பு.

பாண்டியண்ணன் வந்து கேட்டுப் பார்த்தார்.

"காதரு மேடையில இருக்குற மாதிரியே இருக்குப்பா."

"ஆமாண்ணே."

"அப்ப அவரு வேணாமா?"

"வேணாம்ணே" என்றேன். காதர் பாயின் இடத்தை முடித்த சொல் இதுதான். தேதி 19-10-1993.

12-8-1994

மறு வருடம் ஆடிக் கடைசி வெள்ளி. செயலாளரிடம் பாண்டியண்ணன் முன்கூட்டியே பேசி, இந்தத் தடவை மேளம் நிற்காது என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஸ்பீக்கர் பெட்டிகளைச் சுற்றி வைக்கோல் கட்டியிருந்தார்கள்.

ராக்காயி அம்மாள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் தழும்பின் மேல் திருநீறு. அதே பாட்டு, அதே சரணம், எழுந்தார். பாட்டு முடிந்தது. மேளம் தொடர்ந்தது. நான் மிக்ஸருக்குப் பின்னால் குனிந்து, பாடகர்களின் கால்களுக்கு நடுவே அவருடைய பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாலு நிமிடம். இரண்டு குதிங்காலும் படிந்தன. குமிழைத் திருப்பினேன். உருட்டல் வந்தது. அவர் மெதுவாக உட்கார்ந்தார். பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

செயலாளர் மேடைக்கு வந்து எனக்குத் துண்டு போட்டார். சுற்றிப் பார்த்துவிட்டு, "மேளக்காரரு எங்க? அவருக்கும் ஒன்னு போடணுமே" என்றார்.

"பொட்டிக்குள்ள இருக்காரு" என்றார் பாண்டியண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் கையிலிருந்த இன்னொரு துண்டைக் கீபோர்டு ஸ்டாண்டின் மேல் போட்டுவிட்டுப் போனார்.

காதர் பாய் வந்தது

செப்டம்பர் முதல் வாரம். தேதி நோட்டில் இல்லை, அன்று எழுதவில்லை. டோலக் இல்லாமல் வந்தார்.

"சாமி வந்துச்சா?"

"வந்துச்சு பாய்."

"எம்புட்டு நேரம்?"

"பதினாலு நிமிசம்."

"குதிங்காலப் பாத்தியா?"

"பாத்தேன்."

"சரி."

டீ குடித்தார். பிறகு, "ஒரு தடவ போடு, கேப்போம்" என்றார். போட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி முழுவதும் கேட்டார். மில் ஓடிக்கொண்டிருந்தது, சுதி கொஞ்சம் இறங்கியே இருந்தது. நான் அடுப்படிக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"நாலாவது நிமிசத்துல எனக்குக் கை தப்பியிருக்கு. அதச் சரி பண்ணிரு."

"யாரும் கவனிக்கல பாய்."

"நான் கவனிச்சேன்ல."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "பாய், அன்னைக்கு நான்…" என்று தொடங்கினேன்.

"விடுப்பா. பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாரேன்."

1995-இல் மச்சினன் ஹமீது மூலம் விசா வந்து சவுதியில் தம்மாமுக்குப் போனார். மீன் மார்க்கெட்டில் பெட்டி இறக்கும் வேலை என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. நானும் எழுதவில்லை.

பிறகு

அந்த முப்பது நிமிடத்தை நான் பதினைந்து வருடம் பயன்படுத்தினேன். 2003-இல் கம்ப்யூட்டர் வாங்கியதும் முதலில் ஏற்றியது அதைத்தான். எட்டு மாத்திரை, பதினாறு மாத்திரை என்று துண்டு துண்டாக வெட்டிப் பெயர் வைத்தேன். எந்தெந்தப் பாட்டில் எந்தத் துண்டு என்று பட்டியல் இருக்கிறது. எத்தனை பாட்டு என்று இங்கே சொல்ல விருப்பமில்லை. நாலாவது நிமிடத்தைச் சரி செய்யவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு நொடி வேலை. செய்யவில்லை.

2009-இல் பாண்டியண்ணனின் மகன் போன் செய்தான். அப்போது குழுவை அவன்தான் நடத்தினான். "அங்கிள், நீங்க அலைய வேணாம். ஃபைல மட்டும் குடுங்க, நம்ம பையன் லேப்டாப்ல போட்டுக்குவான்" என்றான். வேனில் என் இடமும் போயிற்று. எனக்குக் கோபம் வரவில்லை. பெரிய களைப்பு மட்டும் இருந்தது. ஃபைல்களைக் கொடுத்துவிட்டு வந்து இரண்டு நாள் தூங்கினேன்.

வீட்டில் பீட் போடுகிறவர்களுக்கு என்னிடமிருந்து சொல்ல இரண்டுதான் இருக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு லேயரும் யார் கை என்று எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்து உங்களுக்கே அது உங்கள் கை என்று தோன்ற ஆரம்பிக்கும். எனக்குத் தோன்றியது. இரண்டாவது, ஒருவரை வாசிக்கக் கூப்பிடும்போது எதற்காகக் கூப்பிடுகிறீர்கள் என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள். அவர் வரமாட்டார் என்று பயமாக இருந்தால், அந்தப் பயமே உங்களுக்குப் பதில்.

ஒரு விஷயம் பாக்கி. காதர் பாய் 2004-இல் திருப்பாலைக்குடியில் இறந்துபோனார். எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. 2008-இல் தொண்டி பஸ் ஸ்டாண்டில் மச்சினன் ஹமீதைப் பார்த்தபோது, அன்றைய ரெக்கார்டிங்கைப் பற்றி நானே சொன்னேன். அவர் சொன்னார்:

"மச்சானுக்கு அன்னைக்கே தெரியும். ஒத்திகை இல்லைன்னு தெரிஞ்சேதான் வந்தாக. அந்தம்மா மறுபடி விழுந்துறக் கூடாதுன்னு சொன்னாகளாம் எங்க ராத்தாகிட்ட."

இது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஹமீது 1992 முதல் 1996 வரை தம்மாமில் இருந்தவர். இதை அவர் நேரில் கேட்கவில்லை. அவர் ராத்தா என்று சொன்ன அவருடைய அக்கா, காதர் பாயின் மனைவி, அவரும் இப்போது இல்லை. பாண்டியண்ணன் முன்கூட்டியே ஏதாவது சொல்லியிருப்பாரோ என்று கேட்க அவரும் இல்லை. மூன்று பெண்களில் மூத்தவருக்கு எழுதினேன், தனக்கு அப்போது ஒன்பது வயது, நினைவில்லை என்று பதில் வந்தது. தெரிந்து வந்தாரா, தெரியாமல் வந்தாரா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை. ஹமீது சொன்னது உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். அதனாலேயே அதைப் பதிவாக எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை.